விடுதி அறையில் ஒரு தொலைபேசி

வெளியூர் சென்று விடுதியொன்றிலே தங்குபவர், அறைக் கதவைத் திறந்து உள்ளே புகுந்ததும் நோக்குபவை சில உள. கட்டில் எப்படி, விரிப்புச் சுத்தமா, குளியலறையில் வெந்நீர் வருமா, யன்னலைத் திறந்தால் மலை தெரியுமா என்பனவே அவை. கட்டிலின் தலைமாட்டிலே, சிறு மேசைமீது, சுருண்ட கம்பியொன்றைத் தாங்கியபடி வாளாவிருக்கும் தொலைபேசியை மாத்திரம் எவரும் பொருட்படுத்துவதில்லை. கண்ணிற்பட்டாலும், அஃது ஏதோ பழங்காலத்துச் சாமான் என்றெண்ணி, அதன்மேல் தொப்பியையோ துவாயையோ போட்டுவிடுகின்றனர். சட்டைப்பையிலே கைபேசி இருக்கும்போது இஃதெதற்கு என்பது அவர்தம் எண்ணம். இக்கிழமை இந்த எளிய கருவியைப் பற்றியே வாசக அன்பர்களுடன் உரையாட விரும்புகின்றோம்.

நம் வெலிமடை, நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே அமைந்த ஊர். உருளைக்கிழங்கும் மரக்கறியும் ஏற்றிய லொறிகளையே நெடுங்காலம் கண்ட இத்தெருவிலே, இன்று எல்லவையும் பண்டாரவளையையும் ஹப்புத்தளையையும் காணவரும் பயணிகளின் வாகனங்களும் செல்கின்றன. வீட்டின் மேல்மாடியை நான்கு அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விடுவோர் பலராயினர். நம்மிடம் கற்று, இத்தகைய விடுதியொன்றிலே பணிபுரியும் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மைக் கண்டார். "சேர், அறைக்கு அறை டெலிபோன் வைத்தால் நல்லது என்கிறார்கள். அது வீண் செலவு என்கிறார் முதலாளி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று வினவினார். வினா சிறியது. ஆயினும் அதற்கு விடை கூறப் புகுந்தால், உயிர் காக்கும் செய்தி ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது.

கம்பி சொல்லும் இடம்

அலெக்சாந்தர் கிரகம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றது 1876ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலாகும். அதன்பின் இருபதாண்டு நிறைவதற்குள்ளேயே, நியூயோர்க் நகரத்துப் பெரிய விடுதிகள் தம் அறைகளில் அதனை வைக்கத் தொடங்கின. அதற்குமுன் விருந்தினர் ஒருவருக்குத் தேநீர் வேண்டுமாயின் மணியின் கயிற்றை இழுத்தல் வேண்டும். பணியாள் படியேறி வந்து, யாது வேண்டும் என்று கேட்டு, மீண்டும் இறங்கிச் சென்று, பொருளுடன் மறுபடி ஏறுவான். தொலைபேசி வந்ததும் அவன் நடை பாதியாகக் குறைந்தது. விடுதிக்காரர் அதனை விரும்பியதற்கு முதற் காரணம் இதுவேயன்றி வேறில்லை.

இன்றோ, தேநீருக்கும் துவாய்க்கும் கைபேசியிலேயே செய்தி அனுப்பிவிடலாம். பின்னர், கம்பித் தொலைபேசியால் வேறென்ன பயன்? அது தன்னிடத்தை விட்டு அசையாதிருத்தலே அதன் பயன் என்போம். கைபேசி, பேசுகின்ற ஆளைச் சொல்லும். கம்பித் தொலைபேசி, பேசுகின்ற இடத்தைச் சொல்லும். அதன் எண்ணிலேயே இடம் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்க. 055 என்று தொடங்கினால் பதுளைப் பக்கம். 057 என்று தொடங்கினால் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம். அங்ஙனமே விடுதிக்குள்ளும், அறைக்கு ஓர் உள்ளிணைப்பு எண் உண்டு. வரவேற்பு மேசையில் மணி ஒலிக்கும்போது, அழைப்பவர் ஒரு சொல்லும் பேசாவிடினும், எந்த அறை என்பது அங்குள்ள கருவியின் முகப்பிலே தெரிந்துவிடும்.

இது சிறிய பயனன்று. மாரடைப்பு வந்தவர் பேசமாட்டார். மூச்சுத் திணறுபவர் பேசமாட்டார். அந்நிய நாட்டவர் பேசினாலும் நமக்கு விளங்காது. ஊருக்குப் புதியவரிடம், "எங்கே இருக்கிறீர்கள்?" என்று அம்புலன்ஸ் வண்டிக்காரர் கைபேசியிற் கேட்டால், "ஏதோ மலைப்பக்கம்" என்பதற்குமேல் அவர் என்ன சொல்வார்? மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று ஒரே தோட்டத்துக்குள்ளேயே வழி பிரியும் நாட்டில் வாழ்பவர் நாம். வண்டி தவறான வழியில் திரும்பினால் வரும் கேடு நமக்குத் தெரியாததன்று.

இடையில் நின்ற தடை

ஆனால், தொலைபேசி இருந்துவிட்டால் மாத்திரம் போதுமா? போதாது என்பதற்கு வரலாறு மூன்று சான்றுகளைத் தருகின்றது.

முதலாவது இலண்டன் நகரிலே நிகழ்ந்தது. 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம், விம்போல் தெருவிலே ஒரு வீடு தீப்பற்றியது. அயல்வீட்டார் ஒருவர் தீயணைப்புப் படையினரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். அக்காலத்தில் இத்தகைய அவசர அழைப்பும் இணைப்பு நிலையத்து ஒப்பரேட்டர் கைவழியாகவே செல்லவேண்டும். நலம் விசாரிப்பவரின் அழைப்பும் தீப்பற்றிய செய்தியும் ஒரே வரிசையிலே காத்திருந்தன. அத்தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர். வரிசையிலே காக்கவைக்கப்பட்டவர் சினங்கொண்டு பத்திரிகைக்கு எழுதினார். அரசினர் விசாரணை வைத்தனர். அதன் பயனாகவே, 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி, 999 என்னும் அவசர எண் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அவ்வெண் வந்ததும், அவசர அழைப்பு மற்றவற்றை முந்திச் சென்று ஒப்பரேட்டரின் கவனத்தைப் பெற வழி பிறந்தது.

இரண்டாவது சான்றுக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. நமது ஊவாவின் பெருந்தோட்டங்களிலே நெடுங்காலம் தொலைபேசி இருந்த இடங்கள் இரண்டே. ஒன்று துரையின் பங்களா. மற்றொன்று தோட்டத்து ஆபீஸ். நள்ளிரவிலே, லயத்துக் காம்பராவிலே பெண்ணொருத்திக்குப் பிரசவ வேதனை கண்டால், அவள் புருஷன் மழையிலே ஓடிக் கங்காணியை எழுப்புவான். கங்காணி சென்று பெரிய கிளாக்கர் ஐயாவை எழுப்புவார். அவர் எழுந்து, ஆபீஸ் சாவியைத் தேடி, துரையின் அனுமதி வேண்டுமா என்று யோசித்து, அதன்பின்னரே ரிசீவரைத் தூக்குவார். தொலைபேசி கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆயினும் அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அந்த இடைவெளியிலே நின்று போன உயிர்களுக்குக் கணக்கு வைத்தவர் எவருமிலர்.

மூன்றாவது சான்று விடுதி அறையிலேயே நிகழ்ந்தது. 2013ஆம் ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், சாலையோர விடுதியொன்றிலே, காரி ஹன்ட் என்னும் இளந்தாய், தம்மைப் பிரிந்து வாழ்ந்த கணவனாலே தாக்கப்பட்டு உயிரிழந்தார். உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியை எடுத்து, தாய் கற்பித்த வண்ணமே 911 என்னும் அவசர எண்ணை அழுத்தினாள். ஒரு முறையன்று, நான்கு முறை அழுத்தினாள். அழைப்புச் செல்லவில்லை. காரணம் யாது? அவ்விடுதியிலே வெளியே பேசவேண்டுமாயின், முதலில் 9 என்னும் இலக்கத்தை அழுத்தி வெளிவழி பெறல் வேண்டும். அதனைக் குழந்தை எங்ஙனம் அறியும்? கற்றது கற்றபடியே செய்தாள். கருவிதான் அவளைக் கைவிட்டது.

இறந்தவரின் தந்தை ஹாங்க் ஹன்ட் வாளாவிருக்கவில்லை. இத்தகைய கொடுமை வேறொரு குழந்தைக்கு நேரலாகாது என்று ஊரூராகச் சென்று முறையிட்டார். அதன் பயனாக, அவர் மகளின் பெயராலேயே 'காரி சட்டம்' என்று ஒரு சட்டம் 2018 பெப்ரவரி 16இல் அங்கே கையெழுத்தாயிற்று. விடுதிகளிலும் அலுவலகங்களிலும் 2020 பெப்ரவரி 16இன் பின்னர் புதிதாகப் பூட்டப்படும் தொலைபேசி அமைப்புகளில், முன்னெண் எதுவுமின்றி 911 நேரே செல்லவேண்டும் என்பதும், அத்தகைய அழைப்புச் சென்றவுடன் வரவேற்பு மேசைக்கோ பொறுப்பாளருக்கோ அறிவிப்புக் கிடைக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் சாரம்.

ஒப்பரேட்டரின் வரிசை, ஆபீஸின் பூட்டு, 9 என்னும் ஓர் இலக்கம். மூன்றும் வேறுவேறு காலத்தவை, வேறுவேறு நாட்டவை. ஆயின் குற்றம் ஒன்றே. தொலைபேசி, அதனை நன்கறிந்தவருக்காக, அமைதியான நேரத்துக்காக அமைக்கப்பட்டிருந்தது. அச்சமுற்ற ஒருவர், அறியாத ஒருவர், இருட்டிலே அதனைத் தொடுவார் என்பதை எவரும் நினைத்திலர். விடுதி அறையில் தொலைபேசி பூட்டுவோர் மனத்திற் கொள்ளவேண்டியது இதுவேயாம்.

119ஆம் அறையின் கதை

இனி, நம் நாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அதனை விடுதிக்காரர் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதல் மாடி அறைகளுக்கு 101, 102 என்று எண்ணிடுவது பொதுவழக்கு. உள்ளிணைப்பு எண்ணும் அறையெண்ணும் ஒன்றாகவே இருத்தல் நன்று. நினைவில் வைப்பது எளிது. ஆனால், இலங்கையின் அவசர எண்கள் யாவை? பொலிஸார் 119. தீயணைப்பு 110. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சுவசெரிய அம்புலன்ஸ் 1990. எல்லாம் 1இலேயே தொடங்குகின்றன! இருபது அறைகள் உள்ள விடுதியொன்றிலே, அறையிலிருந்து 119ஐ அழுத்தினால் பொலிஸார் வாரார். 119ஆம் அறையில் உறங்குபவரே எழுவார். 110ஐ அழுத்தினால் தீயணைப்பு வண்டி வாராது. பத்தாம் அறைக்காரர் "ஹலோ" என்பார்.

அறைகள் ஐந்தே ஆயினும் இச்சிக்கல் தீராது. விடுதிக்குள் அழைப்புகளைப் பிரித்தனுப்பும் கருவியைப் பி.ஏ.பி.எக்ஸ். என்பர். '1இல் தொடங்கும் மூன்றிலக்க எண் யாவும் உள்ளுக்குரியவை' என்று அதற்கு விதித்திருந்தால், அஃது இல்லாத 119ஆம் அறையைத் தேடிவிட்டு, 'பிழையான எண்' என்னும் ஒலியைத் தரும். 1990ஐ அழுத்தினாலோ, 199 என்னும் மூன்று இலக்கத்தோடு நின்றுவிடும். நான்காவது இலக்கத்துக்குக் காத்திராது.

பரிகாரம் மிக எளிது. உள்ளிணைப்பு எண்களை 1இல் தொடங்காதிருத்தலே அது. ஐந்தாம் அறைக்கு 205 என்றும், மேல்மாடியின் இரண்டாம் அறைக்கு 302 என்றும் வைக்கலாம். 119, 110, 117, 1990 ஆகிய நான்கும் முன்னெண் இன்றி நேரே வெளியே செல்லுமாறு பி.ஏ.பி.எக்ஸ். பூட்டுபவரிடம் கேட்டு விதித்துக்கொள்க. பழக்கத்தினால் ஒருவர் 9ஐ அழுத்தி, அதன்பின் 119ஐ அழுத்தினாலும் அழைப்புச் செல்லவேண்டும். இரண்டு வழியும் திறந்திருத்தல் வேண்டும். வெளியூர் அழைப்புகளுக்குப் பூட்டுப் போட்டிருந்தாலும், இவ்வெண்களுக்குப் பூட்டு இருத்தலாகாது. அழைப்புச் சென்ற மாத்திரத்தே வரவேற்பு மேசையிலும் ஒலி எழவேண்டும். வெளியே இருப்பவருக்கு விடுதியின் பொது எண்ணே தெரியும். எந்த அறை என்பது தெரியாது. வாசலில் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டுமன்றோ?

பூட்டும் முறை

பி.ஏ.பி.எக்ஸ். வேலை அதற்குரியவர் வேலை. அறையில் கருவியைப் பூட்டுவதோ வீட்டார் எவரும் செய்யக்கூடியதே. அதனை ஒழுங்காகக் கூறுவோம்.

இடம் முதலில். கட்டிலிற் படுத்தவாறே கை நீட்டினால் எட்டுமிடத்தில் இருத்தல் வேண்டும். எழுதுமேசைமீது அழகாக வைத்துவிட்டு, நோயாளி எழுந்து நடந்து வரட்டும் என்பது பொருந்தாது. வழுக்கி விழுதல் நிகழுமிடம் குளியலறையாதலின், பெரிய விடுதிகள் அங்கும் ஒரு கருவியைச் சுவரிலே பொருத்துகின்றன. முதியோர் தங்கும் அறையாயின் அது பின்பற்றத்தக்கதே.

கம்பிகள் இரண்டு. ஒன்று சுருண்டது, அது ரிசீவரையும் அடிப்பெட்டியையும் இணைப்பது. மற்றது நேரானது, அடிப்பெட்டியிலிருந்து சுவருக்குச் செல்வது. இவற்றின் முனைகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆயினும் சுருண்ட கம்பியின் முனை சற்று ஒடுங்கியது. அதனைச் சுவரிலுள்ள துளையிலே திணித்தால் புகும். ஆனால் உள்ளேயிருக்கும் மெல்லிய கம்பிகளை வளைத்துக் கெடுத்துவிடும். ஆதலின் பொறுமையாக நோக்கி, உரியதை உரிய துளையிலே, 'கிளிக்' என்ற ஒலி கேட்கும்வரை செருகுக. நேரான கம்பியைக் கட்டிலின் காலுக்கும் சுவருக்கும் இடையே நசுங்காதவாறும், நடப்பவர் கால் தடுக்காதவாறும் ஓரமாகக் கொண்டு செல்க.

கருவி வாங்குமுன், பி.ஏ.பி.எக்ஸ். எத்தகையது என்று கேட்டறிதல் நலம். சாதாரணத் தொலைபேசிக்குரிய வழியும், அக்கருவியை ஆக்கியோரின் விசேட தொலைபேசிக்குரிய வழியும் வேறுவேறு. ஒன்றுக்குரியதை மற்றொன்றிலே பூட்டினால் பேசாது; கெடுதலும் கூடும். செய்தி வந்திருப்பதை அறிவிக்கும் சிறு சிவப்பு விளக்கும் அவ்வாறே, கருவியும் பி.ஏ.பி.எக்ஸும் ஒத்துவந்தால்தான் எரியும். மீளழைப்புப் பொத்தான் இல்லாத கருவியே விடுதிக்கு ஏற்றது. நேற்றுத் தங்கியவர் யாரை அழைத்தார் என்பதை இன்று தங்குபவர் ஒரு பொத்தானை அழுத்தி அறிதல் முறையன்று.

பூட்டியபின் ரிசீவரைத் தூக்கி, தொடர்ந்த ஒலி கேட்கின்றதா என்று நோக்குக. வரவேற்பு மேசைக்கு அழைத்து, அங்கே சரியான அறையெண் தோன்றுகின்றதா என்று காண்க. அங்கிருந்து திரும்ப அழைக்கச் செய்து, மணியின் ஒலி உறங்குபவரை எழுப்பப் போதுமா என்று கேட்க. அவசர எண்களையும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். அதனை விளையாட்டாகச் செய்யலாகாது. உரிய நிலையத்துக்கு முன்னரே அறிவித்து, அவர்கள் ஒப்பும் நேரத்திலே செய்க.

இறுதியாக ஓர் அட்டை. கருவியின் முகப்பிலேயே, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும், பெரிய எழுத்திலே இவை இருக்கட்டும்: விடுதியின் பெயர், அறையெண், தெருவின் பெயர், அண்மையிலுள்ள சந்தி அல்லது கோயில் அல்லது பாடசாலை, வரவேற்பு மேசையின் எண், மேற்கூறிய நான்கு அவசர எண்கள். உணவு விலைப்பட்டியலுக்கு வழவழப்பான தாள் வாங்கும் முதலாளிமார், இதற்கும் ஓர் அட்டை வாங்கலாம்.

மின்னலும் மின்தடையும்

மின்சாரம் போனாலும் கம்பித் தொலைபேசி பேசும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அது செப்புக்கம்பிக் காலத்து உண்மை. இணைப்பு நிலையத்திலே பெரிய பற்றரிகள் உண்டு. அவை ஏறத்தாழ 48 வோல்ட் மின்னைக் கம்பி வழியாகவே வீட்டுக்கு அனுப்புகின்றன. கருவிக்கு வேறு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் விடுதி அறைக் கருவிக்கு மின் தருவது அவ்விடுதியின் பி.ஏ.பி.எக்ஸ். ஆகும். அதற்குப் பற்றரி இல்லையேல், விளக்கு அணையும்போதே எல்லா அறைத் தொலைபேசிகளும் ஊமையாகிவிடும். அன்றியும், இன்று பல இடங்களிலே செப்புக்கம்பி நீங்கி ஒளியிழைக் கம்பி வந்துள்ளது. ஒளியிழை மின்னைக் கொணராது. அதன் முனையிலுள்ள பெட்டிக்கு நம் வீட்டு மின்சாரம் வேண்டும். ஆகவே பி.ஏ.பி.எக்ஸுக்கும் அப்பெட்டிக்கும் பற்றரி அவசியம். 2025 நவம்பர் இறுதியிலே டித்வாப் புயல் நம் மலையகத்தைத் தாக்கி, மண்சரிவும் மின்தடையும் விளைவித்த நாட்களை நினைப்போருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மற்றொன்று மின்னல். இடி முழங்கும் வேளையிலே கம்பித் தொலைபேசியிற் பேசுதல் ஆகாது. வெளியே கம்பியில் விழும் மின்னல் அக்கம்பி வழியே காதுவரை வரக்கூடும். ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலைதோறும் இடிமழை காணும் நம் மலைநாட்டார்க்கு இது கட்டாயம் நினைவிலிருக்க வேண்டும். அவ்வேளை கைபேசியே தக்கது. கம்பி கட்டிடத்துக்குள் நுழையுமிடத்தில் மின்னற் காப்பும் நல்ல நிலத்தொடுப்பும் பொருத்திவைத்தல் விடுதியார் கடமை. கம்பியும் கைபேசியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்று கைவிட்ட வேளையில் மற்றது கைகொடுக்கும்.

தங்குவோர் கவனத்துக்கு

இனிக் குடும்பத்தோடு பயணஞ் செய்யும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அறைக்குள் புகுந்ததும், பெட்டியை அவிழ்க்குமுன், அரை நிமிடம் செலவிடுங்கள். ரிசீவரைத் தூக்கி ஒலி கேட்கின்றதா என்று பாருங்கள். வரவேற்பு மேசையை அழைத்து, "வெளியே பேச என்ன எண்? அவசர எண்கள் நேரே செல்லுமா?" என்று கேளுங்கள். விடை தெளிவாக வராவிடின், வரவேற்பு மேசையின் எண்ணையே குழந்தைகளுக்கு அவசர எண்ணாகக் கற்பியுங்கள். வெளியழைப்புக்குக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிட்டால், புறப்படும் நாளிலே பற்றுச்சீட்டைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. வைகறையிலே பதுளையிலிருந்து புகைவண்டி ஏறவேண்டுமாயின், எழுப்பிவிடுமாறு முதல்நாள் இரவே சொல்லிவைக்கலாம். அப்போதும் அறையெண்ணையும் நேரத்தையும் அவர்கள் திருப்பிச் சொல்லக் கேட்டுக்கொள்க.

குழந்தைகளுக்கு இருட்டிலே எண் அழுத்தக் கற்பிப்பது ஒரு நல்ல விளையாட்டு. பொத்தான்களின் நடுவிலே, 5இன்மீது விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு ஒன்று உண்டு. அதனைக் கண்டுகொண்டால் மற்றவை தாமே அமையும். 5க்கு மேலே இடது மூலையில் 1. கீழே வலது மூலையில் 9. நேர் கீழே இரண்டாவது பொத்தான் 0. இவ்வளவு தெரிந்தால், கண்ணை மூடிக்கொண்டே 119ஐயும் 1990ஐயும் அழுத்தலாம். பிணைப்பை எடுத்துவிட்ட தொலைபேசி ஒன்றிலே கண்ணைக் கட்டிப் பழக்குங்கள். வீட்டில் அப்படி ஒன்று இல்லையேல், அட்டையிலே பொத்தான்களை வரைந்து பழக்கலாம்.

அழைத்தபின் சொல்ல வேண்டிய ஒழுங்கும் ஒன்றுண்டு. முதலில் இடம், அடுத்து நிகழ்ந்தது, அதன்பின் பெயர். அழுகையும் பதற்றமும் வரும். ஆயினும் இடத்தைச் சொல்லிவிட்டால், அதன்பின் இணைப்பு அறுந்தாலும் உதவி புறப்பட்டுவிடும். மறுமுனையிலிருப்பவர் சொல்லும்வரை ரிசீவரை வைக்கலாகாது. சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2016ஆம் ஆண்டு இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களிலே தொடங்கி, பின்னர் நம் ஊவா உட்பட ஒன்பது மாகாணங்களுக்கும் பரவியது. அதற்குக் கட்டணம் இல்லை. ஆகவே பணத்துக்கு அஞ்சி எவரும் தயங்க வேண்டியதில்லை. தோட்டப்புறத்துத் தாய்மார் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். கங்காணியையும் கிளாக்கரையும் எழுப்பிய காலம் போயிற்று.

எடுத்துப் பேசும் இளைஞருக்கு

நம் மாணவருள் பலர் படிப்பு முடிந்ததும் விடுதித் தொழிலை நாடுகின்றனர். கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் செல்வோரும் உளர். வரவேற்பு மேசையில் அமரும் அவர்களுக்குச் சில சொற்கள்.

மூன்றாம் மணிக்குள் எடுத்துவிடுக. எடுத்ததும் விடுதியின் பெயரையும் உம் பெயரையும் சொல்லி, வணக்கங் கூறுக. பல்லும் முகமும் தெரியாத இடத்திலே குரல் ஒன்றே உம் முகம் என்பதை மறவாதீர். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்க. அழைப்பவர் யாவரேயாயினும், விருந்தினர் எந்த அறையில் தங்கியிருக்கின்றார் என்பதைச் சொல்லலாகாது. விருந்தினரைக் கேட்டு, அவர் விரும்பினால் இணைப்புக் கொடுக்கலாம். சில வேளை இது வெறும் மரியாதை மாத்திரமன்று, ஒருவரது உயிர்க்காவலுமாகும்.

யாவற்றினும் மேலானது ஒன்று. அறையொன்றிலிருந்து மணி ஒலித்து, எடுத்தால் மறுமுனையிலே பேச்சில்லையாயின், "குழந்தைகள் விளையாடுகின்றன" என்றெண்ணி வைத்துவிடாதீர். அவ்வறைக்குத் திரும்ப அழையும். விடையில்லையேல் நடந்து சென்று கதவைத் தட்டும். நூறு முறை வீணாக நடந்தாலும், நூற்றோராவது முறை அந்த நடை வீணாகாது.

வெலிமடையிலும் அயலூர்களிலும் விடுதி நடத்தும் அன்பர்கள் இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு காரியஞ் செய்வாராக. தம் அறைகளுள் ஒன்றிற்குச் சென்று, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, அந்நியர்போலக் கட்டிலில் அமர்ந்து, ரிசீவரைத் தூக்கிப் பார்ப்பாராக. ஒலி கேட்கின்றதா? எண் கைக்கு அகப்படுகின்றதா? வரவேற்பு மேசையில் எவரேனும் எடுக்கின்றனரா? எங்கே தடை தோன்றுகின்றதோ, அதனை நாளைக்கென்று வையாது இன்றே நீக்குவாராக. ஒன்பது வயதுக் குழந்தையொன்று அவ்விருட்டிலே அதே கருவியைத் தூக்கும் நாள் ஒருபோதும் வாராதிருக்கட்டும். வருமாயின், அவள் அழுத்தும் முதல் அழைப்பே செல்லட்டும்.